சைட்மேப் இருந்தும் பக்கம் கூகுள்ல வரல, எங்க மாட்டியிருந்துச்சுன்னா

பழைய கட்டுரை சைட் ஒன்னு பராமரிக்க என் கைக்கு வந்துச்சு, பாதிக்கு மேல பக்கங்கள் கூகுள்ல தேடினா வரவே வராது. சர்ச் கன்சோல்ல (நம்ம சைட்டை கூகுள் எப்படிப் பாக்குதுன்னு காட்டுற கூகுளோட டூல்) பார்த்தா பெரும்பாலானது "டிஸ்கவர்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்"னு கிடக்கு. அதாவது பக்கம் இருக்குன்னு கூகுளுக்குத் தெரியும், ஆனா இன்னும் வந்து எட்டிக்கூட பாக்கல.

யாரைக் கேட்டாலும் சைட்மேப் (சைட்ல உள்ள பக்கங்களோட யூஆர்எல் லிஸ்ட் ஃபைல்) போடுன்னாங்க. அதான் ஏற்கனவே இருக்கே! ஒரு ஃபைல்ல 50,000 யூஆர்எல் வரை போடலாம், நம்ம சைட் அதுக்குப் பக்கத்துலயே வராது. ப்ரையாரிட்டி (எந்தப் பக்கம் எவ்வளவு முக்கியம்னு சொல்ற எண்) எல்லாம் யாரோ மெனக்கெட்டு நிரப்பியிருந்தாங்க, கூகுள் அதைக் கண்டுக்கறதே இல்ல. லாஸ்ட்மாட், அதாவது பக்கம் கடைசியா மாறின தேதி, சரியா இருந்தா எடுத்துக்கும், இங்க அதுவும் தினம் தினம் எல்லா பக்கத்துக்கும் அன்னைக்குத் தேதியா மாறிட்டே இருந்துச்சு, அப்புறம் அதை எப்படி நம்பும்.

நிஜமான சிக்கல் கேட்டகரி பக்கத்துல. முதல் பத்து கட்டுரை தெரியும், கீழ "மேலும் பார்க்க"ன்னு ஒரு பட்டன். சோர்ஸைத் திறந்து பார்த்தா ஆன்கிளிக் (அமுக்கினா ஓடுற கோடு) மட்டும்தான் இருக்கு, எச்ரெஃப் (லிங்க் போற முகவரி) கிடையாது. பக்கங்களைப் படிக்க வர்ற கூகுள்பாட் பட்டனையெல்லாம் அமுக்காது, எச்ரெஃப் உள்ள லிங்க் இருந்தாதான் பின்னாடியே போகும். ஆக பதினொன்னாவது கட்டுரைல இருந்து எதுக்குமே சைட்டுக்குள்ள இருந்து ஒரு வழியும் இல்ல, சைட்மேப்ல பேர் மட்டும் இருக்கு.

பட்டனைத் தூக்கிட்டு 1, 2, 3ன்னு சாதா லிங்க் வெச்சேன், ஒவ்வொரு பக்கத்துக்கும் கேனானிகல் (இதுதான் அசல் முகவரின்னு கூகுளுக்குச் சொல்ற குறிப்பு) அதோட சொந்த யூஆர்எல்லயே (எல்லாத்தையும் முதல் பக்கத்துக்கே காட்டச் சொல்லி ஒரு அட்வைஸ் சுத்துது, கேக்காதீங்க). கட்டுரை அடியில அதே தலைப்புல உள்ள மத்த கட்டுரைகளுக்கும் லிங்க் குடுத்தேன்.

இன்னொரு கூத்து, கட்டுரைகளை வரிசை மாத்துற, வடிகட்டுற சார்ட், ஃபில்டர் யூஆர்எல் எல்லாத்துலயும் நோஇண்டெக்ஸ் (தேடல்ல காட்டாதேன்னு பக்கத்துல எழுதுற குறிப்பு) இருக்கு, ஆனாலும் சிலது கூகுள்ல வருது. ஏன்னா ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டில (பாட் எங்க வரலாம், எங்க வரக்கூடாதுன்னு சொல்ற ஃபைல்) அதே யூஆர்எல்லை வரக்கூடாதுன்னு டிஸ்அலோ பண்ணியிருக்கு. உள்ளயே விடலன்னா நோஇண்டெக்ஸை அது எங்க போய்ப் படிக்கும்? டிஸ்அலோவை எடுத்ததும் கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்துச்சு.

சில வாரத்துல கட்டுரைகள் ஏற ஆரம்பிச்சுது. சர்ச் கன்சோல்ல உள்ள ரிக்வெஸ்ட் இண்டெக்சிங் பட்டனை முக்கியமான சில பக்கத்துக்கு மட்டும்தான் தொட்டேன், தினசரி லிமிட் வேற இருக்கு. இன்னும் வராம நிக்கிறது ரெண்டு மூணு வரி துணுக்குப் பக்கங்கள்தான், அதைப் பெரிய கட்டுரையோட சேர்த்து, பழைய முகவரிக்கு 301 (நிரந்தரமா புது முகவரிக்குத் திருப்பி விடறது) போட்டுட்டு வர்றேன்.