கொழும்பில் மேடு இல்லை என்கிறான் மருமகன்

2025 ஜூன் 7, சனி

அக்காவின் மகன் ஹட்டனிலிருந்து வந்து இறங்கினான். ஒரு வாரம் லீவு. ராத்திரி சாப்பிடும்போது, "கொழும்பு என்னங்க மாமா, தட்டு மாதிரி இருக்கு. ஒரு மலைகூட இல்ல" என்றான். வாசலுக்கு வந்தாலே சிங்கமலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அப்படித்தான் பேசுவான்.

நான் முப்பத்திரண்டு வருஷம் கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டையில் கப்பல் சரக்கை விடுவிக்கிற ஒரு கிளியரிங் கந்தோருக்கு நடந்து போய் வந்தவன். கொழும்பில் எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும். சரி, காட்டுகிறேன் என்றேன். ஒரே நிபந்தனை: லிஃப்ட்டில் ஏறுவது கணக்கில் வராது. தாமரைக் கோபுரம் வேண்டாம். கால், அல்லது பஸ்.

அவனுக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. ஹாபரை, அதாவது துறைமுகத்தை, முழுதாகப் பார்க்க வேண்டுமாம். அதுதான் கஷ்டம். நாங்கள் குடியிருப்பதே ஹாபரின் முதுகில்தான், ஆனால் அது கண்ணில் படுவதில்லை. ராத்திரி கப்பல் ஊதுவது கேட்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் மதில். என்னிடம் இருந்த ஹாபர் பாஸும் காலாவதியாகி ஆறு வருஷம்.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டைக்குப் போகாதே, கடை பூட்டு என்பார்கள். நான் அன்றைக்குத்தான் கூட்டிப்போவேன். மற்ற நாட்களில் மூட்டை சுமக்கிற நாட்டாமிமார் தள்ளிவரும் வண்டியில் இடிபடாமல் நடப்பதே பெரும்பாடு, தலையைத் தூக்கிப் பார்க்க நேரமேது? ஞாயிறு என்றால் நடைபாதையில் விரிப்புக் கடைகள் மட்டும்தான். கீழே கடையின் இரும்புக் கதவு, அதற்கு மேலே நூறு வருஷத்து மாடி: பச்சை ஜன்னல், உடைந்த கண்ணாடி, சுவரில் முளைத்த அரசமரம். புறக்கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் முதல் மாடியைத்தான் பார்க்க வேண்டும்.

பெயரையும் சொல்லிக் கொடுத்தேன். கோட்டைக்குப் புறத்தே இருந்ததால் புறக்கோட்டை. வெள்ளைக்காரன் சொன்ன 'பெட்டா' நம்முடைய பேட்டைதான்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக, சில இடத்தில் கட்டம்கட்டமாக, சில இடத்தில் முறுக்குப்போலச் சுற்றிச்சுற்றி. 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். வரைந்த சாய்பு லெப்பை கட்டடக்கலை படித்தவரல்ல. படித்திருந்தால் இவ்வளவு துணிவு வந்திருக்காது என்பது என் எண்ணம். அந்தக் காலத்தில் கடலில் வரும் மாலுமிகள் இதைப் பார்த்துத்தான் கொழும்பு வந்துவிட்டது என்று அறிந்தார்களாம். அப்படியானால் இங்கிருந்தும் கடல் தெரிந்திருக்கும். மருமகன் உடனே திரும்பிப் பார்த்தான். பிளாஸ்டிக் வாளிக்கடைதான் தெரிந்தது.

அப்புறம் செட்டியார் தெரு. இங்கிலீஷில் இதற்குப் பெயர் கடல் தெரு. இப்போது நகைக்கடைகள்தான், கடல் இல்லை. பழைய கதிரேசன், புதிய கதிரேசன் இரண்டு கோயிலும் அடுத்தடுத்து. ஆடிவேலுக்கு இங்கிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் புறப்பட்டுப் போகும்போது காலி வீதிப் போக்குவரத்தே நின்றுவிடும். 83 இனக்கலவரத்தில் இந்தப் பக்கம் எரிந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் கோபுரத்துப் பொம்மைகளை எண்ணிக்கொண்டிருந்தான், விட்டுவிட்டேன்.

சைவக்கடையில் தோசை, உளுந்துவடை, பிளேன்டீ. "இன்னும் மேடு வரல மாமா" என்றான்.

ஜூன் 9, திங்கள்

இன்று வந்தது.

முதலில் புதுக்கடை. நீதிமன்றங்கள் எல்லாம் இருக்கிற ஏற்றம். இதன் மற்றப் பெயர் ஹல்ஸ்டோர்ப். 1656இல் கொழும்பை முற்றுகையிட்டபோது செத்துப்போன ஹுல்ஃப்ட் என்ற ஒல்லாந்துத் தளபதியின் பெயர் அது. கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்கள் வியர்க்க வியர்க்க ஏறுவதைப் பார்த்தாலே தெரியும் இது சமதரை இல்லையென்று. அங்கிருந்து இறங்கி, மறுபடி ஏறினால் வுல்ஃபெண்டால் தேவாலயம்.

ஒல்லாந்தர் 1749இல் அத்திவாரம் போட்டு, 1757இல் திறந்தது. சிலுவை வடிவம், கோட்டை மாதிரிச் சுவர். பெயரின் அர்த்தம் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாய் கிடையாது, நரியைப் பார்த்து மிரண்டிருப்பார்கள். அதைவிட வேடிக்கை, பள்ளத்தாக்கு என்று பேர் வைத்துவிட்டு மேட்டில் கட்டியிருப்பது. உள்ளே தரையில் கல்லறைக் கற்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813இல் கவர்னர்மாரின் எலும்புகளை இங்கே கொண்டுவந்தார்கள். வாசல் பூட்டியிருந்தால் போய்விடாதீர்கள், பக்கத்தில் பராமரிப்பவர் இருப்பார், மரியாதையாகக் கேட்டால் திறப்பார்.

வளவில் நின்று வடமேற்கே பார்த்தோம். மாமரத்துக்கும் ஒரு புதுக் கட்டடத்துக்கும் நடுவே நீலநிறக் கிரேன் ஒன்றின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"இது மேடு மாமா. மலை இல்ல." சரி, அந்தளவுக்காவது ஒத்துக்கொண்டானே.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமிப் பண்டிகை. விடிய விடிய மழை. பின்னேரம் குடையோடு கொட்டாஞ்சேனை தீபதுத்தமாராமய விகாரை வரை போனோம். 1885 வெசாக்கில் பௌத்தக் கொடி முதன்முதலில் ஏற்றப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. தெருமுனையில் தன்சல், வருகிறவர்களுக்கெல்லாம் இலவசச் சாப்பாடு. வரிசையில் முன்னே நின்றவர் தமிழில்தான் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். கடலைச் சுண்டல் கிடைத்தது. காரம் தூக்கல்.

ஜூன் 11, புதன்

இன்று ஆதாரத்தோடு வாதாடினேன். தண்ணீர்த் தாங்கியை எங்கே கட்டுவார்கள்? மேட்டில்தானே? லபுகமவிலிருந்து குழாயில் வந்த தண்ணீரைக் கொழும்பு நகரத்துக்குப் பிரிக்க, அன்றைக்கு நீர்த்தேக்கம் கட்டியது இரண்டு இடத்தில். ஒன்று மருதானைப் பக்கம் மாளிகாகந்த. 'கந்த' என்றால் சிங்களத்தில் மலை, பெயரே சாட்சி. மற்றது எங்கள் பக்கத்து எலி ஹவுஸ். சின்ன வயதில் அங்கே எலி வளர்க்கிறார்கள் என்று நம்பியிருந்தேன்.

எலி ஹவுஸ் வீதியில் ஏறும்போது அவன் முன்னாலே, நான் பின்னாலே. பக்கத்துச் சந்துகளில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். ஒன்று ரோஸ், அடுத்தது கிளிப்பச்சை, அதற்கடுத்தது கோயில் மஞ்சள். பெயின்ட் கடையில் எது கழிவு விலையோ அந்த நிறம் என்று சிலர் சொல்வார்கள். பொய். கிறிஸ்மஸுக்கும் தீபாவளிக்கும் முன்னால் இந்தத் தோட்டங்களில் (நெருக்கமான குடியிருப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நிறத்துக்கு நடக்கிற சண்டையை நான் பார்த்திருக்கிறேன். வசதிக்காரர் இருக்கிற கொழும்பு 7இல் எல்லாச் சுவரும் வெள்ளை. அங்கே வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. படம் எடுக்கிறதென்றால் வீட்டு வாசலில் இருக்கிற அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று அவரே தொடங்கிவிடுவார்.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து இன்னொரு மேடு புளூமெண்டால், அதாவது பூக்களின் பள்ளத்தாக்கு. அங்கே வருஷக்கணக்காகக் குப்பை கொட்டி மேடாக்கினார்கள். பிறகு குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டன்று, அந்தக் குப்பைமலை சரிந்து வீடுகளோடு ஆட்களை மூடியது. அந்த மலையைக் கணக்கில் சேர்க்கவா என்று மருமகன் கேட்கவில்லை. மண்சரிவு என்றால் என்னவென்று ஹட்டன்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு முகத்துவாரம். களனி கங்கை கடலில் சேர்கிற இடம், பெயரே அதுதான். மீன்பிடித் துறைமுகத்தில் வலை தைக்கிறவர்கள், ஐஸ் உடைக்கிற சத்தம், டீசல் மணம். காக்கைதீவுக் கரையில் நின்று தெற்கே பார்த்தால் ஹாபரின் கிரேன்கள் வரிசையாக, தலையை நீட்டிய ஒட்டகச்சிவிங்கி மாதிரி. "பாதி ஹாபர்" என்றான். பாதியாவது கிடைத்ததே.

ஜூன் 12, வியாழன்

கோட்டை. மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காட்டினேன். 1857இல் மணிக்கூடாகக் கட்டியது, பத்து வருஷம் கழித்து உச்சியில் விளக்கையும் வைத்து வெளிச்சவீடாக்கினார்கள். சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்ததால் 1952இல் அதை விட்டுவிட்டு, கரையோரமாக இன்னொன்று கட்டினார்கள். நேராக அந்தப் புதிய வெளிச்சவீட்டுக்கு நடந்தோம்.

அங்கே போய் நின்றதும் எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அப்பா கையைப் பிடித்து வந்த காலத்தில் இதன் காலடியில் அலை வந்து மோதும், சட்டை நனையும். இன்றைக்கு ஒரு பக்கம் புதிய முனையம், மறுபக்கம் போர்ட் சிட்டி. கடலில் மணலை நிரப்பி 269 ஹெக்டயர் நிலம். கட்டடம் மறைத்ததென்று கடலோரம் வந்த வெளிச்சவீட்டை விட்டு இப்போது கடலே தள்ளிப் போய்விட்டது.

அவனுக்கு ஹாபர் வந்த கதையைச் சொன்னேன். ஒரு காலத்தில் பெரிய கப்பல்கள் தெற்கே காலித் துறைமுகத்துக்குத்தான் போகும். கொழும்பில் திறந்த கடல், தென்மேல் பருவக்காற்று அடித்தால் நங்கூரம் போட்டு நிற்கவே முடியாது. இதே ஜூன் மாதக் காற்றுத்தான், நேற்று என் குடையை மடக்கிப்போட்டதே. 1875இல் வேல்ஸ் இளவரசர் முதல் கல் வைத்தார், பத்து வருஷத்தில் தென்மேற்கு அலைதடுப்பு முடிந்தது. காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் ஒரு கை, அவ்வளவுதான் யோசனை. அந்தக் கைக்குள்ளே கப்பல் வந்தது, கப்பலோடு நாட்டாமி, செட்டியார், கிளார்க், என் தாத்தா எல்லாரும் வந்தார்கள். காலி ஓய்ந்தது.

"அப்ப அந்தக் காத்து இல்லேன்னா நாங்க இல்லையா மாமா?" என்றான். பரவாயில்லை, கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

பின்னேரம் காலிமுகத்திடல். ஹென்றி வோட் என்ற கவர்னர் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின் வருகிறவர்களுக்குக் கல்லில் எழுதிவைத்துவிட்டுப் போனார். இறால் வடை சாப்பிட்டோம். முழு இறால் வடைக்கு மேலே உட்கார்ந்திருக்கும், பார்வைக்கு அழகு. ஆனால் எண்ணெயைப் பார்த்து வாங்குங்கள். கறுத்த எண்ணெய் என்றால் அடுத்த வண்டிக்குப் போய்விடுவது நல்லது. நான் பார்க்காமல் வாங்கினேன். இதை எழுதும்போதும் வயிறு சரியில்லை.

ஜூன் 13, வெள்ளி

கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா. காலையிலேயே வீதியை மூடிவிட்டார்கள்.

முதலில் பக்கத்துப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். வெள்ளிக்கிழமை என்பதால் நல்ல சனம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் தந்தையார் கட்டிய கோயிலைக் கருங்கல்லில் எடுப்பித்தார். வர்ணமே இல்லாத கோயில். வெளியே இவ்வளவு நிறங்களைப் பார்த்துவிட்டு உள்ளே அந்தக் கல்லிருட்டில் கால் வைத்தால் உள்ளங்கால் வழியே குளிர் ஏறும். கொழும்பில் எனக்குப் பிடித்த ஒரே இடத்தைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். அவசரமாகச் சுற்றாதீர்கள், தூணடியில் பத்து நிமிஷம் உட்காருங்கள்.

பிறகு அந்தோனியார் கோயில். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில் கொச்சியிலிருந்து ஒரு பாதிரியார் வியாபாரி வேஷத்தில் வந்தாராம். கடல் ஊரைத் தின்றுகொண்டிருந்தபோது சிலுவையை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பது கதை. கொச்சிக்கடை என்றால் கொச்சிக்காய், அதாவது மிளகாய், விற்ற கடையில்லை, கொச்சிக்காரர் கடை. இங்கே மெழுகுதிரி ஏற்றுகிறவர்களில் பாதிப்பேர் நெற்றியில் விபூதியோடு வருவார்கள். என் மனைவியும் அப்படித்தான் வருவாள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, காலை எட்டே முக்காலுக்கு இந்தக் கோயிலில் குண்டு வெடித்தது. நான் வீட்டில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டபோது ஹாபரில் கொன்டெயினர் ஏதோ விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முப்பது வருஷப் பழக்கம். இரண்டாவது நிமிஷம் ஆட்கள் ஓடிவரத் தொடங்கினார்கள். மருமகனிடம் இவ்வளவுதான் சொன்னேன். அவனும் கேட்கவில்லை.

ராத்திரி அந்தோனியார் சுருவம், அதாவது சிலை, வீதியுலா வந்தது. கச்சான், தொதல், மஸ்கட் கடைகள். ஜம்பட்டா வீதியில் தோளோடு தோள். கூட்டத்தில் அவனைத் தொலைத்துவிட்டு நான் பட்ட பாட்டை அக்காவுக்குச் சொல்லப்போவதில்லை. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து, "மாமா, இங்க வாங்க" என்று கூப்பிட்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு எப்போது சிநேகமானானோ.

மூன்று மாடி. லிஃப்ட் இல்லை. இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினேன்.

முழு ஹாபரும் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு மாடிக்கு நான் ஏறியதேயில்லை. மஞ்சள் விளக்கில் சிவப்பு, நீலம், பச்சை, ஆரஞ்சுக் கொன்டெயினர்கள், சந்துக்குள்ளே வீடுகள் அடுக்கியதைப்போலவே. கிரேன் ஒன்றைத் தூக்கி மெல்ல இறக்கியது. கீழே மேளம் இன்னும் ஓயவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலை 5.55 பொடி மெனிக்கே ரயிலில் ஏற்றிவிட்டேன். விடியமுன் கோட்டை ஸ்டேஷனில் பிளேன்டீயும் மாலு பாணும் (மீன் வைத்த பன்). ஜன்னலால் தலையை நீட்டி, "அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். ஆனா அவங்களுக்கு முழங்கால் வலி மாமா, அந்த ஏத்தமெல்லாம் சரிவராது" என்றான்.

எந்த ஏற்றம் என்று கேட்பதற்குள் ரயில் புறப்பட்டுவிட்டது.