கேட் பெட்ரோலியம் தாள்: கார்பனேட் பாறையைத் துளையிலிருந்து தொடங்குங்கள்

கேட் (GATE) தேர்வின் பெட்ரோலியம் தாளுக்குப் படிக்கிறவர்கள் பலர் மணற்கல்லை நன்றாகப் படித்துவிட்டு கார்பனேட்டை, அதாவது சுண்ணாம்புக்கல், டோலமைட் போன்ற பாறைகளை, கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சவூதியின் கவார், 1974-இல் கண்டுபிடித்த நம் மும்பை ஹை ஆகிய எண்ணெய் வயல்கள் இரண்டிலுமே முக்கியமான எண்ணெய்ப் பாறை சுண்ணாம்புக்கல்தான்.

நான் பாறை வகைப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, துளைகளிலிருந்து ஆரம்பித்தேன். மணற்கல்லில் பெரும்பாலும் மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். சுண்ணாம்புக்கல்லில் சிப்பி கரைந்துபோன அச்சு, நீர் அரித்த பொந்து, விரிசல், டோலமைட்டாக மாறும்போது உண்டான துளை என்று ஒரே கிணற்றில் சில அடிகளுக்குள்ளேயே எல்லாம் மாறிவிடும். அரியலூர் பக்கம் போக முடிந்தால் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லை லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஓடு ஓடாகத் தெரியும்.

அடுத்து லாக் கணக்கு, அதாவது கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த அளவுகளை வைத்துப் போடும் கணக்கு, இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அடர்த்தி லாக் 2.54 (கிராம்/கன செ.மீ.) காட்டுகிறது, துளையிலுள்ள திரவத்தின் அடர்த்தி 1 என்று வையுங்கள். பாறை மணற்கல் என்றால் போராசிட்டி (பாறையில் துளைகளின் பங்கு) 6.7 சதவீதம், சுண்ணாம்புக்கல் என்றால் 9.9, டோலமைட் என்றால் 17.6. பாறை எதுவென்று தெரியாமல் அந்த 2.54-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மின்தடையை வைத்து நீர்ச்செறிவை (துளைகளில் நீரின் பங்கை) கணக்கிடும் ஆர்ச்சி சமன்பாட்டில் போராசிட்டியின் அடுக்காக வரும் 'எம்' அதைவிட ஆபத்து: பொந்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக இருந்தால் அது 2-ஐத் தாண்டிவிடும். போராசிட்டி 10 சதவீதம் உள்ள பாறையில் எம் 2 என்று போட்டு நீர்ச்செறிவு 40 சதவீதம் வந்தால், எம் 2.5 ஆக இருக்கும்போது அதே இடத்தில் 71 சதவீதம், அதாவது எண்ணெய் என்று நினைத்துத் திறந்த இடத்தில் தண்ணீர் வரும். இதைக் கையால் போட்டுப் பாருங்கள். எண் விடை கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது என்பதால் இங்கே போடும் உழைப்பு வீண்போகாது.

உற்பத்திப் பகுதிக்கு வட கடலின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் ஒன்றையே ஆழமாகப் படித்தாலும் நிறைய புரியும். அங்கே சாக் (மிக நுண்ணிய மணிகளாலான சுண்ணாம்புக்கல்) பாறை, போராசிட்டி 30 சதவீதத்துக்கு மேலும் போகும், ஆனால் பெர்மியபிலிட்டி (திரவத்தை ஓடவிடும் திறன்) ரொம்பக் குறைவு, விரிசல்கள்தான் எண்ணெயைக் கிணற்றுக்குக் கொண்டுவருகின்றன. எண்ணெய் எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்து பாறை நசுங்கியது, கடல்தரையே இறங்கியது, 1987-இல் எண்ணெய் எடுக்கும் மேடைகளை 6 மீட்டர் உயர்த்த வேண்டியதாயிற்று. அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க நீர் செலுத்தினார்கள், அந்த நீரே சாக்கை இன்னும் பலவீனமாக்கியது. ஏன் என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள், ரிசர்வாயர் பாடமும் பாறை இயக்கவியலும் அங்கே ஒன்றுசேரும்.