கேடிஸ் புழுவை முதுகை வைத்து அடையாளம் காணுதல்: நான்காவது முறை

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஓடைக்கு இது நான்காவது நடை. வெள்ளைத் தட்டு, டீ வடிகட்டி, மெல்லிய பிரஷ், 10 மடங்கு லென்ஸ், இவ்வளவுதான் கையில். கேடிஸ் ஈ என்ற பூச்சியின் புழுக்கள் தண்ணீரில் வளர்கின்றன, பல மணலையோ இலைத்துணுக்கையோ ஒட்டித் தங்களுக்குக் கூடு கட்டிக்கொள்கின்றன. முதல் மூன்று முறையும் அந்தக் கூட்டை வைத்தே புழுக்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தேன். மணல் கூடு ஒரு குடும்பம், இலைத்துணுக்குக் கூடு இன்னொன்று என்று நோட்டில் எழுதியதெல்லாம் சரிப்பட்டு வரவில்லை, ஏனென்றால் ஒரே மாதிரி மணல் குழாயைப் பல குடும்பங்கள் கட்டுகின்றன, கூடே கட்டாமல் கல்லிடுக்கில் வலை பின்னி வாழ்கிறவையும் நிறைய.

இந்த முறை முதுகைப் பார்த்தேன். மார்பில் மூன்று கண்டங்கள், அதாவது வளையம் போன்ற பகுதிகள். முதல் கண்டத்தின் மேல் எப்போதும் கெட்டித் தகடு இருக்கும், அடுத்த இரண்டிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வேகமாக ஓடும் இடத்தில் புரட்டிய கல்லிலிருந்து விரல்நகம் நீளத்துக்கு ஒரு புழு தட்டில் விழுந்து நெளிந்தது. மூன்று கண்டத்திலும் பழுப்புத் தகடு. பிரஷால் மெதுவாகப் புரட்டினால், வயிற்றுக்கடியில் கிளை கிளையாக வெள்ளைச் செவுள்கள் தண்ணீரில் பஞ்சு போல அசைகின்றன; வால் முனையில் இரண்டு கொக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு முடிக்கொத்து. ஹைட்ரோப்சைக்கிடே குடும்பம்! மூன்று தகடு மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஹைட்ரோப்டிலிடே என்ற பொடிசுகளுக்கும் மூன்றும் உண்டு, ஆனால் அவற்றின் வயிற்றில் இந்தச் செவுள் கிடையாது.

அப்புறம் கிடைத்ததுதான் இன்றைய சந்தோஷம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளம், முதல் தகடு மட்டும்தான், தலையோ அகலத்தைவிட நீளம் மிக அதிகம். ஸ்டெனோப்சைக்கிடே. இந்தக் குடும்பத்தில் கொடைக்கானல் பெயரையே தாங்கிய ஸ்டெனோப்சைக்கி கொடைக்கானலென்சிஸ் என்ற இனம் இருக்கிறது. இது அதுதானா என்று புழுவை மட்டும் பார்த்து நான் சொல்லத் துணிய மாட்டேன், குடும்பத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

நத்தை என்று ஒதுக்கியிருந்த மணல் சுருள் ஒன்றிலிருந்து கால்கள் வெளியே வந்தன, ஹெலிகாப்சைக்கிடே. 1834-ல் ஐசக் லீ என்ற நத்தை ஆய்வாளர் அமெரிக்காவில் இந்த மாதிரிக் கூட்டை நத்தை என்றே நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் எடுத்த கல்லருகிலேயே விட்டுவிட்டேன். ஒரு மணல் குழாய்ப் புழு மட்டும் பாக்கி. அதன் குடும்பத்தைச் சொல்ல, உணர்கொம்பு கண்ணை ஒட்டி இருக்கிறதா, கண்ணுக்கும் தாடைக்கும் நடுவிலா என்று பார்க்க வேண்டும், 10 மடங்கில் தெரியவில்லை. அடுத்த முறை 20 மடங்கு லென்ஸ் கொண்டு போகிறேன்.