அறியாதவர் அறிந்தவரைக் கண்டுகொள்வது எப்படி

சில மாதங்களுக்கு முன்பு என் தாயாருக்கு மருத்துவர் புதிதாகக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தைராய்டு குறைபாட்டுக்காக லெவோதைராக்ஸின் மாத்திரையை அவர் பல ஆண்டுகளாகக் காலையில் வெறும் வயிற்றில் உட்கொண்டு வருகிறார். இரண்டையும் சேர்த்து விழுங்கலாமா, இடைவெளி வேண்டுமா என்ற ஐயம் வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு எழுந்தது. இணையத்தில் தேடினேன். அரை மணி நேரம் போதும் என்றது ஒரு பக்கம். ஒரு மணி நேரம் என்றது இன்னொன்று. நான்கு மணி நேரம் என்றது மூன்றாவது. இரண்டையும் பல ஆண்டுகளாக ஒன்றாகவே விழுங்கி வருவதாகவும் கெடுதல் எதுவும் நேரவில்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நான்கும் ஒரே அளவு உறுதியோடு எழுதப்பட்டிருந்தன.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் டெய்லிமெட் என்றொரு தளத்தை நடத்துகிறது. மருந்து நிறுவனங்கள் அந்நாட்டு அரசின் உணவு, மருந்து நிர்வாகத்திடம் அளிக்கும் அதிகாரபூர்வத் தகவல் தாள்கள் அங்கே முழுமையாக, கட்டணமின்றிக் கிடைக்கின்றன. லெவோதைராக்ஸினுக்கு உரிய தாளைத் திறந்து படித்தபோதுதான் குழப்பத்தின் காரணம் புரிந்தது. காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக இம்மருந்தை உட்கொள்ள வேண்டும் என்று ஓரிடத்தில் இருந்தது. கால்சியம் கார்பனேட்டும் இரும்புச்சத்தும் இம்மருந்தோடு பிணைந்து உடல் அதை ஈர்த்துக்கொள்வதைத் தடுக்கும் என்பதால், அவற்றுக்கும் இதற்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும் என்று வேறோரிடத்தில் இருந்தது. அப்படியானால் அரை மணி, ஒரு மணி என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உணவைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லியிருந்தார்கள். நான் கேட்டதோ கால்சியத்தைப் பற்றி. முரண்படும் விடைகளைக் காணும்போது, இவற்றுள் எது சரி என்று கேட்பதற்கு முன்பாக, இவை எந்தெந்தக் கேள்விக்கு உரிய விடைகள் என்று கேட்க வேண்டும் என்பதை அன்றுதான் தெளிவாக உணர்ந்தேன்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்ந்தது. ஒரு துறையைப் பற்றி ஒன்றும் அறியாதவர்தான் அத்துறையில் கேள்வி கேட்கிறார். ஆனால் கிடைக்கும் விடைகளுள் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுகிறது. விடையை எடைபோட வல்லவராக அவர் இருந்திருந்தால் கேட்டிருக்கவே தேவையில்லை. இணையத்தில் நம்பகமான விடை தேடுவதில் உள்ள அடிப்படைச் சிக்கல் இதுதான் என்று நான் கருதுகிறேன். தகவல் பெருகிவிட்டது, பொய் பெருகிவிட்டது என்ற புலம்பல்களெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

கேள்வி-பதில் தளங்களின் வரலாறே இச்சிக்கலோடு நடந்த போராட்டம்தான். கூகுள் நிறுவனம் 2002-ல் கூகுள் ஆன்சர்ஸ் என்ற சேவையைத் தொடங்கியது. கேட்பவர் 2 டாலர் முதல் 200 டாலர் வரை தாமே விலை குறிப்பிடலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்வாளர்கள் ஆதாரங்களைத் தேடித் திரட்டி விடையளிப்பார்கள். அது 2006-ல் நிறுத்தப்பட்டது. யாஹூ ஆன்சர்ஸ் 2005-ல் வந்தது. அங்கே யாரும் கேட்கலாம், யாரும் சொல்லலாம், சிறந்த விடை எது என்பதைக் கேட்டவரே அறிவிக்கலாம். காது குளிரச் சொன்னவருக்கே அந்தப் பட்டம் போய்ச் சேர்வது இத்தகைய ஏற்பாட்டில் தவிர்க்க முடியாதது. 2021 மே மாதத்தில் அதுவும் மூடப்பட்டது. நிரலாளர்களுக்காக 2008-ல் தொடங்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதைச் சற்று வேறு விதமாகக் கையாண்டது. அங்கே விடை சொல்பவரை அதே துறையினர் படிக்கிறார்கள், வாக்களிக்கிறார்கள், பிழையைச் சுட்டுகிறார்கள், நேரடியாகத் திருத்தவும் செய்கிறார்கள். ஆயினும் கேட்டவர் ஏற்றுக்கொண்ட விடைதான் நெடுங்காலம் உச்சியில் நிலைநிறுத்தப்பட்டு வந்தது. அந்த வழக்கத்தை 2021-ல் அத்தளம் கைவிட்டது. பலர் வாக்களித்த விடை மேலே வரலாம் என்றானது. சிறிய மாற்றம்போலத் தோன்றினாலும், கேட்டவரின் திருப்தி வேறு, விடையின் தகுதி வேறு என்பதை ஒப்புக்கொண்ட முடிவாக அதை நான் பார்க்கிறேன்.

ஆகவே, விடை எங்கே கிடைக்கிறது என்பதைவிட, அந்த விடை தவறாக இருந்தால் அங்கே யாராவது மறுக்க முடியுமா, மறுத்தால் அது நம் கண்ணில் படுமா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். புலவர்கள் தம் நூலைக் கற்றோர் அவையில் அரங்கேற்றி, எழும் தடைகளுக்கு விடை கூறிய பின்பே அந்நூல் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று நம் மரபு சொல்கிறது. ஆய்விதழ்களில் சக ஆய்வாளர்கள் கட்டுரையைப் படித்து மதிப்பிடுவதும் ஒருவகை அரங்கேற்றமே. அந்த மதிப்பீடு குறையற்றது அல்ல. ஆனால் தடை எழுப்ப ஓர் அவை இருப்பதற்கும், அவையே இல்லாமல் ஒருவர் தம் அறையிலிருந்து பேசிப் பதிவேற்றுவதற்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. இயற்பியல், கணிதம் முதலிய துறைகளின் கட்டுரைகளை 1991 முதல் வெளியிட்டு வரும் ஆர்க்கைவ் தளத்தில் இருப்பவை பெரும்பாலும் இந்த மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவங்கள். அவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் அரங்கேறியவை என்று எண்ணிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது.

ஒரு தளத்தை மதிப்பிட அதன் உள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது வீண் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் நடத்திய ஆய்விலிருந்து கற்றுக்கொண்டேன். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட 10 பேர், அப்பல்கலைக்கழக இளநிலை மாணவர் 25 பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். ஒரு பணியில், 1930-ல் தொடங்கப்பட்டு 60,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பக்கமும், அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் 2002-ல் பிரிந்துபோன ஒரு சிறு குழுவின் பக்கமும் அருகருகே வைக்கப்பட்டன. மாணவர்களில் பெரும்பாலோரும் வரலாற்றறிஞர்களில் கணிசமானோரும் பக்கத்தின் தோற்றம், முகவரி, அடிக்குறிப்புகள் ஆகியவற்றை மேலிருந்து கீழாக ஊன்றிப் படித்துத் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளிலேயே அப்பக்கத்தை விட்டு வெளியேறி, வேறு தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். ஒருவரைப் பற்றி அறிய அவரிடமே நற்சான்று கேட்பதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். ஊன்றிப் படிப்பதே அறிவாளிக்கு அழகு என்று வளர்க்கப்பட்ட எனக்கு, எப்போது ஊன்றிப் படிக்கக் கூடாது என்பதும் ஒரு திறமை என்று ஏற்க நாளாயிற்று.

விசாரிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்துப் பேர் ஒன்றையே சொல்வது பத்துச் சான்று ஆகாது. விக்கிப்பீடியாவில் 2008-ல் ஒரு மாணவர், அமெரிக்கக் கண்டங்களில் வாழும் கோட்டி என்ற விலங்குக்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றொரு பெயர் உண்டு என விளையாட்டாகச் சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்காவில் மட்டுமே வாழும் விலங்கு. கோட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அப்பெயர் நாளிதழ்களுக்குப் பரவியது, பல்கலைக்கழகப் பதிப்பக நூல் ஒன்றிலும் ஏறியது. பிறகு அந்த நாளிதழ்ச் செய்தியே விக்கிப்பீடியாவில் ஆதாரமாகக் காட்டப்பட்டது. 2014-ல்தான் கதை வெளியானது. நம் இலக்கண மரபு நூல்களை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என மூன்றாகப் பகுத்தது. இணையத்தில் நாம் படிப்பதில் மிகப் பெரும்பகுதி சார்பு நூலுக்கும் சார்பு நூல். அதில் குற்றமில்லை, முதல் நூலுக்குப் போகும் வழி அதில் திறந்திருக்கிறதா என்பதே கேள்வி. ‘ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்’ என்று தொடங்கி, எந்த ஆய்வாளர், எந்த ஆண்டு, எந்த இதழ் என்று சொல்லாமல் முடியும் விடையை நான் விடையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

முதல் நூலைச் சென்றடைந்தாலும், அது இன்னும் நிலைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடப்படும் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய கட்டுரை, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டு, தி லான்செட் என்ற மதிப்புமிக்க இதழில் 1998-ல் வெளிவந்தது. அதை அவ்விதழ் 2010-ல் திரும்பப் பெற்றது. இன்றும் அதைச் சான்றாகக் காட்டுவோர் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் இதழும் உண்மை, ஆண்டும் உண்மை, கட்டுரை மட்டும் செல்லாது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் கட்டுரையின் பெயரைத் தேடினால் திரும்பப் பெறப்பட்ட செய்தி மேலேயே தென்படும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நிபுணர் என்ற சொல்லைப் பற்றியும் எனக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. லைனஸ் பாலிங்கைவிடப் பெரிய நிபுணரைக் காண்பது அரிது. வேதியியலுக்கு 1954-ல், அமைதிக்கு 1962-ல் என இரண்டு நோபல் பரிசுகளை வேறு யாரோடும் பங்கிடாமல் பெற்றவர். 1970 முதல் அவர், வைட்டமின் சி-யை மிகுதியாக உட்கொண்டால் சளி பிடிக்காது என்று உறுதியாகப் பரப்பினார். அவர் சொன்னதால் உலகமே நம்பியது. காக்ரேன் என்ற அமைப்பு, ஒரு மருத்துவக் கேள்வியைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் திரட்டி, ஒவ்வொன்றின் தரத்தையும் எடைபோட்டு, ஒரு முடிவாகத் தொகுத்து வெளியிடும் பணியை 1993 முதல் செய்து வருகிறது. அதன் 2013 தொகுப்பில், 11,306 பேர் பங்கேற்ற 29 ஒப்பீடுகளை ஆராய்ந்தபோது, நாள்தோறும் வைட்டமின் சி உட்கொள்வதால் பொதுமக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை என்றும், சளி நீடிக்கும் காலத்தை அளந்த 31 ஒப்பீடுகளில் அக்காலம் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தது என்றும் தெரிந்தது. ஆனால் மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் படைவீரர்கள் ஆகியோரிடம் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

இத்தொகுப்பின் குரலைக் கவனித்தால் உண்மையான நிபுணரின் பேச்சு எப்படி இருக்கும் என்பது விளங்கும். யாருக்கு, எந்த நிலையில், எவ்வளவு என்ற எல்லைகள் இல்லாமல் அது பேசுவதில்லை. நம் பழைய உரையாசிரியர்கள் தமக்கு உடன்பாடில்லாத கருத்தையும் மறைக்காமல், ‘என்பாரும் உளர்’ என்று பதிந்துவிட்டு, பிறகு அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டினார்கள். மறுதரப்பை அதன் வலிமையோடு எடுத்துச் சொல்லி விட்டுத் தம் முடிவைச் சொல்பவரை நான் நம்புகிறேன். எல்லைகளே இல்லாத விடை கேட்பதற்கு இனிமையாக இருக்கும் என்பது உண்மைதான். தவித்துக்கொண்டு தேடும் இரவுகளில் அந்த இனிமைக்கு மயங்காமல் இருப்பது எளிதன்று.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேடலைத் தொடங்க அவை எனக்கு உதவுகின்றன. துறைச் சொல் தெரியாதபோது அதைக் கண்டுபிடித்துத் தருகின்றன. ஆனால் 2023-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி புனைந்து கொடுத்த, உலகில் நடந்தேயிராத வழக்குகளின் தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் இவை உண்மையான வழக்குகள்தாமா என்று அதனிடமே கேட்டிருக்கிறார். ஆம் என்று அது சொல்லியிருக்கிறது. சான்று சொன்னவரிடமே சான்றுக்குச் சான்று கேட்டதுதான் அங்கே நேர்ந்த பிழை.

இனி, கேட்கும் முறை. பல நேரங்களில் நாம் நம் சிக்கலைச் சொல்வதில்லை. அச்சிக்கலுக்கு நாமே கற்பித்துக்கொண்ட தீர்வைப் பற்றிக் கேட்கிறோம். ‘கால்சியம் மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா’ என்று கேட்டால் ஆம், இல்லை என்ற விடைதான் வரும். உட்கொள்ளும் மருந்துகள் என்னென்ன, எந்த நேரத்தில், எவ்வளவு காலமாக என்று வரிசையாகச் சொல்லி, என் கவலை இது என்று முடித்தால், அறிந்தவருக்கு நாம் பார்க்காததைப் பார்க்க இடம் கிடைக்கிறது.

தகவல் தாளைப் படித்த மறுநாள், அதில் குறித்துக்கொண்ட வரிகளோடு மருந்தாளுநர் ஒருவரைச் சென்று பார்த்தேன். நான் தேடிக் கண்டது சரிதான் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, சற்று நேரம் கழித்து, “அம்மா நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது எடுத்துக்கொள்கிறார்களா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், அங்கிருந்தே தாயாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். பல மாதங்களாகக் காலையில், தைராய்டு மாத்திரை விழுங்கிய சிறிது நேரத்தில், அமிலத்தை முறிக்கும் நீர்மருந்து ஒன்றை அவர் தாமாகவே வாங்கிக் குடித்து வந்திருக்கிறார். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அந்த வகை மருந்துகளுக்கும் அதே 4 மணி நேர இடைவெளி தேவை என்று மருந்தாளுநர் விளக்கினார். மருத்துவரிடம் இதைச் சொல்லி, சில வாரங்கள் கழித்து இரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்யச் சொல்லும்படியும் எழுதிக் கொடுத்தார். நான் படித்திருந்த தகவல் தாளிலும் அந்த வரி இருந்தது. கால்சியத்தைத் தேடிச் சென்ற என் கண்கள் அதைத் தாண்டிப் போயிருந்தன.