கேப்டன் போன அன்று பாபநாசம் பஸ்ஸில்

வெள்ளம் வடிந்த தாமிரபரணியை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஜனங்கள் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஆற்றில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பக்கம் தண்ணீர் நின்ற உயரம் சுவர்களில் சேற்றுக் கோடாக இன்னும் தெரிந்தது. பாய், தலையணை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் மொட்டை மாடிகளில் காய்ந்துகொண்டிருந்தன.

28ஆம் தேதி காலை வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருந்தவர் போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. விஜயகாந்த் காலமானார், வயது 71. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார். "சத்தத்தைக் கூட்டுங்க அண்ணாச்சி" என்றார். நிமோனியாவில் மூச்சுவிட முடியாமல் இருந்தது, செயற்கை சுவாசம் வைத்தது என்று செய்தியில் சொல்லச் சொல்ல, பஸ்ஸில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது.

பேட்டை தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார். மடியில் பீடி இலைக் கட்டு வைத்திருந்தார்.

"எய்யா, நம்ம கேப்டனா போயிட்டாவ?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "ஓட்டு கேட்டு வந்தப்ப வேன் மேல நின்னாவ. நல்ல வெயில். கூட்டத்துல ஒரு பிள்ள மயங்கி விழுந்துட்டு. பேச்ச நிறுத்திட்டு, முதல்ல அந்தப் பிள்ளைக்குத் தண்ணி குடுங்கன்னாவ. நான் பாத்தேன்லா." சேரன்மகாதேவியில் இறங்கும்வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை.

அந்த ஊரிலேயே கொடி அரைக்கம்பத்துக்கு வந்திருந்தது. நான் வீரவநல்லூரில் இறங்கிக்கொண்டேன். ஆறு எங்கேயும் போகாது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது.

டீக்கடை முன்னால் பத்திருபது பேர் நின்றார்கள். போஸ்டருக்கு எந்தப் படம் போடுவது என்று வாக்குவாதம். இளவட்டங்களுக்கு, 1991இல் வந்த அவருடைய 100ஆவது படமான 'கேப்டன் பிரபாகரன்' யூனிபார்ம் படம் வேண்டும். கேப்டன் என்ற பேரே அந்தப் படத்தால்தானே வந்தது. கடைக்காரர் சம்மதிக்கவில்லை. மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர், ஐம்பதைத் தாண்டிய மனிதர். "துட்டி போஸ்டருல துப்பாக்கி எதுக்குவே? வெள்ள வேட்டி சட்டையில கும்பிடுத படத்தப் போடுங்க" என்றார். அதுதான் போஸ்டராக வந்தது.

கடையை அடைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதற்கும் கடைக்காரர் மறுத்துவிட்டார். முந்தின வாரம் இதே ஆட்கள்தான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்குச் சாம்பார் சாதம் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். வாடகைப் பாத்திரங்கள் இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் கடைக்குப் பின்னால் கிடந்தன. "அண்டா கிடக்கு, விறகு கிடக்கு. மத்தியானம் வாரவனுக்கெல்லாம் சோறு போடுவோம். கேப்டன் இருந்தா இதத்தான் செய்யச் சொல்லியிருப்பாவ."

வெங்காயம் உரிக்க நானும் உட்கார்ந்தேன். உரித்துக்கொண்டே அவர்கள் பேசியது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். சுவரில் காலை வைத்து அடிக்கும் சண்டையோ வசனமோ அன்றைக்கு யார் வாயிலும் வரவில்லை. தியாகராய நகர் ராஜாபாதர் தெரு ஆபீஸில் வாய்ப்புத் தேடி வந்த எத்தனையோ பேர் சாப்பிட்டது, அவர் படப்பிடிப்பில் ஹீரோவுக்குப் போடும் அதே சாப்பாட்டை லைட்மேனுக்கும் போடச் சொன்னது. இவர்களில் யாரும் அந்தத் தெருவைப் பார்த்ததில்லை. ஆனாலும் அங்கே பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் மாதிரிதான் பேசினார்கள்.

எனக்கு அவரிடம் பிடித்தது இன்னொன்றும் உண்டு. 1986இல் பிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர்கள் சேர்ந்து 'ஊமை விழிகள்' எடுத்தபோது, வளர்ந்துவிட்ட நடிகர் யாரும் யோசிக்கும் இடத்தில் அவர் நம்பி உள்ளே போனார். நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைவிழா நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தார். கூட இருப்பவர்களையும் தூக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே இருந்த மனிதர் அவர்.

அரசியல் பேச்சும் வந்தது. 2005இல் மதுரையில் கட்சி தொடங்கி, 2011இல் 29 எம்.எல்.ஏ.க்களோடு எதிர்க்கட்சித் தலைவரானவர். அந்தத் தேர்தலில் இதே மாவட்டத்து ராதாபுரமும் அவர் கட்சியின் முரசு சின்னத்துக்குத்தான் விழுந்தது. "அப்புறம் அவர என்னா பாடு படுத்தினானுவ" என்று ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் ஆரம்பித்தார். உடம்புக்கு முடியாமல் நாக்கு குழறியதை வைத்து மீம் போட்டவர்கள் எல்லாம் இன்று கண்ணீர் அஞ்சலி ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள் என்று போனைக் காட்டினார். அவர் கோபம் நியாயமானது. நோயாளி ஒருவரின் பேச்சை வெட்டி ஒட்டி நாம் வருஷக்கணக்கில் சிரித்தது அசிங்கம். அதை ஒரு இரங்கல் வரியால் துடைத்துவிட முடியாது.

மத்தியானம் தக்காளி சாதம். பஸ்ஸை நிறுத்தி டிரைவரும் கண்டக்டரும் வாங்கிக்கொண்டு போனார்கள். வயலில் சேறு வாரிக்கொண்டிருந்த பெண்கள் தூக்குவாளியோடு வந்தார்கள். நாற்று அழுகிப்போன சம்சாரி ஒருவர் ரெண்டாம் தடவையும் வந்து கேட்டு வாங்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று வழியெல்லாம் ஒலிபெருக்கியில் அவர் படப் பாட்டுகள். பாபநாசம் படித்துறையில் வெள்ளம் கொண்டுவந்த மரக்கட்டைகளை இன்னும் முழுதாக அப்புறப்படுத்தவில்லை. அங்கே நாலைந்து பையன்கள் மொட்டை போட வந்திருந்தார்கள். ஒரு பையனோடு அவன் அப்பாவும் வந்திருந்தார். அப்பன் உயிரோடு இருக்கையில் மகன் துக்கத்துக்கு மொட்டை போடலாமா என்று வீட்டில் சண்டையாம். கடைசியில் அவரே சவரம் செய்பவரிடம், "தலையை மட்டும் எடுங்க, மீசையில கத்தி வைக்காதிய. முடி காணிக்கைன்னு நெனச்சுக்கிடுதேன்" என்றார். பையன் அழுதுகொண்டே தலையைக் குனிந்தான். அப்பா அவன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது அதுதான்.

சாயங்காலம் விக்கிரமசிங்கபுரம் சாப்பாட்டுக் கடை டி.வி.யில் தீவுத்திடலிலிருந்து கோயம்பேடு வரை போன ஊர்வலத்தைப் பார்த்தோம். 72 குண்டுகள் முழங்க, அரசு மரியாதையோடு கட்சி அலுவலக வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். பரிமாறுகிறவர்கள் இலையை வைத்துக்கொண்டு டி.வி.யைப் பார்த்து நின்றார்கள். முதலாளி அவர்களை ஏசவில்லை.

ஜனவரியில் அவருக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள். வீரவநல்லூர் டீக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "சந்தோசம்தான் தம்பி. ஆனா கையில வாங்க ஆளு இருக்கும்போது குடுத்திருக்கலாம்லா" என்றார். கொடுத்திருக்கலாம் அண்ணாச்சி என்றேன். அப்புறம் அவர் இந்த வருஷ நடவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.