4,400-ல் திக்கிய 350: பழைய ஷெவெலில் மிஸ்ஸிங் தேடிய மூன்று வாரம்

வண்டி 1969 ஷெவெல் மாலிபு. 350 கன அங்குல வி8, குவாட்ராஜெட் கார்புரேட்டர், நாலு கியர். பிளாக்கின் முன்பக்கம் 'வி' என்று முத்திரை குத்தியிருக்கிறது. மிச்சிகனில் ஃப்ளின்ட் ஊரில் பூட்டிய எஞ்சின் என்று அதற்கு அர்த்தம். நான் இருக்கும் இடத்திலிருந்து அந்த ஊர் ஒரு மணி நேரம்தான் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஐட்லிங்கில் நடுக்கமே கிடையாது. ஹைவே ஏறும்போது செகண்ட் கியரில் முழுசாக மிதித்தால் மட்டும் 4,400 ஆர்பிஎம்மில் திக்கும்; இதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம். சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிக்கும். காலை எடுத்தால் அந்த நொடியே சரியாகிவிடும்.

முதலில் பெட்ரோலைத்தான் சந்தேகப்பட்டேன். கார்புரேட்டர் வாயில் இருக்கும் சின்ன வெண்கல ஃபில்டரைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. அப்புறம் பிரஷர் கேஜை நீள ஹோஸில் மாட்டி, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, வைப்பர் கையில் டேப் போட்டு ஒட்டினேன். பெட்ரோல் ஹோஸை ஒருபோதும் வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முள் தெரிய, மிதித்தேன். திக்கும் நேரத்திலும் முள் 6 பிஎஸ்ஐயை விட்டு அசையவில்லை. பெட்ரோல் போதாவிட்டால் இழுவை மெல்லத் தளரும். இதுவோ வெட்டி வெட்டி விட்டது.

வால்வ் ஸ்பிரிங்? நியூட்ரலில் 5,000 வரை ஏற்றிப் பார்த்தேன், ஒரு திக்கலும் இல்லை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சுமை இல்லாமலும் காட்டிக்கொடுத்திருக்கும். சுமை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக்கில் பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். சரி, அங்கேதான் கோளாறு என்று பட்டது. உறுதி செய்ய எட்டு பிளக்கின் இடைவெளியையும் 0.035 அங்குலத்திலிருந்து 0.028-க்குக் குறைத்தேன். மறுபடி ஓட்டினால் திக்கல் 4,800-க்குத் தள்ளிப் போயிருந்தது. செலவே இல்லாத இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இந்த வண்டியில் இன்னும் பாயிண்ட்தான், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் கருவி) திறந்து மூடும் சுவிட்ச். வி8-ல் ஒரு சுற்றுக்கு நாலு பொறி. 4,500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 300 பொறி, ஒரு பொறிக்குக் கிடைப்பது 3.3 மில்லி நொடி. பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில்தான், பிளக்குக்கு அதிக வோல்ட் தரும் காயிலில் மின்சாரம் ஏறும். அந்த மூடிய கோணம், அதாவது ட்வெல், டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றில் ஒரு சிலிண்டருக்கு வரும் 45 டிகிரியில் 30 இருக்க வேண்டும். அப்படியென்றால் காயிலுக்கு 2.2 மில்லி நொடி. இதில் குறைந்தால் பொறி இளைத்துவிடும்.

ட்வெல் மீட்டரை மாட்டினேன். ஐட்லிங்கில் 30. கையால் த்ராட்டிலைத் தள்ளி 3,000-க்கு ஏற்றினேன். முள் 24-க்கு இறங்கி, அங்கேயே நடுங்கியது. டைமிங் லைட்டை (பொறி வரும்போதெல்லாம் மின்னும் விளக்கு) அடித்தால், ஐட்லிங்கில் எஞ்சின் புல்லியில் ஒற்றைக் கோடாக நின்ற குறி இப்போது ரெண்டு மூன்றாகச் சிதறித் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விடை கிடைத்துவிட்டது. காயிலும் இல்லை, பிளக்கும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் ஆடுகிறது.

ஷாஃப்ட் மேல் சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பெயிண்டால் குறித்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்தேன். ஷாஃப்ட் நுனியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் 'டொக் டொக்' என்று சத்தமே கேட்டது. ஷாஃப்டைத் தாங்கும் மேல் புஷ் வறண்டு கிடந்தது. அதைச் சுற்றியிருக்கும் கிரீஸ் பழுப்பு மெழுகாக இறுகி, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. ஷாஃப்ட் ஆட ஆட, அதில் இருக்கும் எட்டு முனை கேம் ஒவ்வொரு முனையிலும் பாயிண்டை ஒவ்வொரு அளவுக்குத் திறந்திருக்கிறது.

மெஷின் ஷாப்பில் புது புஷ் இறக்கினார்கள். நல்லவேளை, ஷாஃப்டில் தேய்மானம் இல்லை. புது பாயிண்ட், புது கண்டென்சர் போட்டு, கேம் மேல் அரிசியளவு கிரீஸ் வைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் இருக்கும் சின்ன ஜன்னலைத் தூக்கி, ஓடும்போதே அலன் கீ விட்டு ட்வெல்லை 30-க்குக் கொண்டுவந்தேன். வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, மொத்த டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விழும் கோணம்) 36 டிகிரி வைத்தேன். இப்போது 3,000-ல் ட்வெல் 29. குறி ஒற்றைக் கோடாக நின்றது.

பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் கிட் போட்டுவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். தினமும் ஓட்டும் வண்டியென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் புஷ் ஆடினால் அதிலும் டைமிங் சிதறத்தான் செய்யும். தவிர, இந்த எஞ்சின் பாயிண்டோடு பிறந்தது, பாயிண்டோடே ஓடட்டும் என்பது என் ஆசை.

பிளக் இடைவெளியைத் திரும்ப 0.035 ஆக்கிவிட்டு, நேற்று அதே ஹைவே ராம்பில் செகண்ட் கியரில் 5,400 வரை மிதித்தேன். ஒரு தடுமாற்றம் இல்லை. ஜன்னலை இறக்கிவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

பாக்கி ஒன்றுதான். 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர், அடுத்தடுத்து பற்றுகிறவை. அந்த இரண்டு பிளக் வயரும் ஒட்டியே போகின்றன. ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்பட வாய்ப்புண்டு. இந்த வாரம் கிளிப் வாங்கி இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.