டார்ட் எங்கே போகும்?

"அக்கா, எனக்கு வரைய வராது. ஃபேஷன் டிசைன் படிக்கலாமா?"

உயர்தரப் பரீட்சை ரிசல்ட் வந்ததும் தெரிந்த பிள்ளைகளிடமிருந்து வரும் முதல் கேள்வி இது. இரண்டாவது கேள்வி அவர்களுடைய அம்மாமாரிடமிருந்து வரும்: "கடைசியில காமென்ட் ஃபக்டரிக்குத்தானே போகப் போறாள், அதுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு காசு?"

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். வரைய வராவிட்டால் பழகிக்கொள்ளலாம். கடதாசியோடும் அளவு நாடாவோடும் மணிக்கணக்காக மல்லுக்கட்டப் பொறுமை இல்லாவிட்டால்தான் கஷ்டம். இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம், அதனால்தான் இந்தப் பதிவு.

நான் ஏற்றுமதிக்கு உடுப்புச் செய்கிற ஒரு கொம்பனியின் சாம்பிள் ரூமில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு பயர், அதாவது உடுப்பு வாங்குகிறவர், ஒரு படமும் அளவுப் பட்டியலும் அனுப்புவார். அந்தப் படத்தை, தைக்கக் கூடியதாக, கழுவினாலும் அளவு நிற்பதாக, சொன்ன விலைக்குள் அடங்குவதாக மாற்றுவது எங்கள் வேலை. படம் வரைந்தவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு அந்த உடுப்பில் கை வைக்கிறவர்கள் எத்தனையோ பேர். கொழும்பில் இருக்கிற வேலைகளில் பெரும்பகுதி அந்த "பிறகு"வில்தான் இருக்கிறது. விளம்பரப் புத்தகங்களில் இதைப் போட மாட்டார்கள். நான் படித்த இடத்தின் விளம்பரத்தில் முழுக்க ராம்ப் படங்கள். உள்ளே போனால் நல்ல இன்டஸ்ட்ரியல் மெஷினுக்கு வரிசையில் நிற்க வேண்டும். பெயரை விடுவோம். சேர முன் மெஷின் ரூமைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அது போதும்.

சரி, என்ன படிப்பிப்பார்கள்? முதலில் கொஞ்ச நாளைக்கு ஒன்பது தலை உயரத்தில் மெலிந்த பெண்களை வரைவீர்கள். நிஜத்தில் யாரும் அந்த உயரம் இல்லை என்பது அப்போது உறைக்காது. அப்புறம் பற்றன் வகுப்பு, அதாவது துணி வெட்டுவதற்கான கடதாசி அச்சு வரைகிற வகுப்பு, தொடங்கும். எனக்குப் படிப்பு தொடங்கியது அங்கேதான்.

உடம்பின் மேற்பாதிக்கு ஒரு அடிப்படை பற்றன் உண்டு, பிளொக் என்போம். முன் துண்டில் தோளில் ஒரு டார்ட், இடுப்பில் ஒரு டார்ட். டார்ட் என்பது, தட்டைத் துணி உடம்பின் வளைவுக்கு ஏற்ப நிற்க முக்கோணமாக மடித்துத் தைக்கிற இடம். மிஸ் தோள் டார்ட்டை மடித்து ஒட்டச் சொன்னார். ஒட்டினதும் கடதாசி மேசையில் படுக்காமல் கூம்பாக எழும்பி நின்றது. "இப்ப டார்ட் எங்கே போகும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பக்கத் தையலில் இருந்து மார்பு நுனி வரை கத்தரிக்கோலால் ஒரு கோடு வெட்டச் சொன்னார். வெட்டி முடிய கடதாசி தானாகத் தட்டையாகப் படுத்தது. வெட்டின இடம் வாய் திறந்தது. தோளில் இருந்த டார்ட் பக்கத்துக்கு வந்துவிட்டது. இப்படி அதை அக்குளுக்குக் கொண்டு போகலாம், கழுத்துக்குக் கொண்டு போகலாம், இரண்டு டார்ட்டையும் ஒரே தையலுக்குள் ஒளித்துப் பிரின்சஸ் கட் ஆக்கலாம். கோணம் மட்டும் மாறாது. தைக்கும்போது மார்பு நுனிக்கு 2 சென்டிமீட்டர் அளவுக்கு முன்னாலேயே டார்ட்டை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் கூராகத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆயிரம் டிசைன் என்று கடையில் நாம் பார்ப்பதில் பாதி, இந்த டார்ட்டின் இடமாற்றம்தான்.

என்னுடைய அம்மா வெள்ளவத்தையில் வீட்டில் இருந்து சாரி பிளவுஸ் தைக்கிறவர். கடதாசி பற்றன் என்று ஒன்றை அவர் தொட்டதே இல்லை. துணியை மடித்துப் போட்டு, சோக்கால் நாலு கோடு, வெட்டிவிடுவார், பிசகாது. நான் கடதாசியை வெட்டி ஒட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்து, "ஒரு பிளவுஸுக்கா இவ்வளவு?" என்றார். அம்மாவின் கணக்கு அவர் முன் நிற்கிற ஒரு ஆளுக்கு. ஃபக்டரியில் நிற்கிற ஆள் இல்லை, சைஸ்தான் இருக்கிறது. எக்ஸ்எஸ் தொடங்கி டபுள் எக்ஸ்எல் வரை ஒரே பற்றனைப் பெருப்பிக்க வேண்டும், அதற்கு கிரேடிங் என்று பெயர். கழுத்து எவ்வளவு கூடும், தோள் எவ்வளவு கூடும் என்பதற்கு வேறு வேறு விதி. உடம்பு பெருக்கும்போது கையும் காலும் அதே அளவில் நீளமாவதில்லையே. கெர்பர், லெக்ட்ரா போன்ற மென்பொருள்கள் இதை நொடியில் செய்துவிடும், ஆனால் விதியைக் கொடுக்கிறவருக்கு உடம்பு விளங்க வேண்டும். அந்த விளக்கம் அம்மாவிடம் ஏற்கெனவே இருந்தது. எனக்குப் பற்றன் வகுப்பு மற்றவர்களை விட இலேசாக இருந்ததற்கு வேறு காரணம் இல்லை.

துணி பற்றிய பாடத்தை நிறையப் பேர் சலிப்பு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜீஎஸ்எம் என்ற சொல்லை எல்லோரும் கேட்டிருப்பீர்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். அதற்காக ஒரு மீட்டரை வெட்டத் தேவையில்லை. வட்டமான ஒரு கட்டர் இருக்கிறது, அழுத்திச் சுற்றினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துண்டு விழும். அதைத் தராசில் வைத்து 100 ஆல் பெருக்க வேண்டும். 1.6 கிராம் என்றால் 160 ஜீஎஸ்எம், சாதாரண டீசேட் துணி. இதைப் பழகின பிறகு புறக்கோட்டைக்குப் போவதே வேறு மாதிரி ஆகிவிட்டது. 101 பஸ்ஸில் போய் இறங்கி, இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி, கெய்சர் வீதியில் சிப், பட்டன், லேஸ் என்று அலைவோம். கடைக்கார நானா "மகள், இது நல்ல பருத்தி" என்றால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, வெளியே வந்து லைட்டரால் கொளுத்திப் பார்ப்போம். கடதாசி எரிகிற மணமும் உதிர்கிற சாம்பலும் என்றால் பருத்தி. உருகி உருண்டையாகக் கட்டிப்பட்டால் பொலியெஸ்டர் கலந்திருக்கிறது. ஒருமுறை நானா எங்களைப் பிடித்துவிட்டார். கோபிக்கவில்லை, அடுத்த தடவை விலையைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னார்.

இனி அம்மாமாரின் கேள்விக்கு வருகிறேன். காமென்ட் என்றதும் அவர்கள் கண்ணில் வருவது மெஷின் வரிசையில் குனிந்திருக்கிற பெண்கள். தையல் மெஷினின் பெயரை வைத்து அவர்களை "ஜூக்கி" என்று கேலி பண்ணின காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு அந்தக் கேலி அன்றைக்கும் பிடிக்காது, ஃபக்டரியில் பயிற்சிக்கு நின்ற பிறகு கேட்டாலே எரிச்சல். 1978 இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் வந்ததில் இருந்து இந்த நாட்டுக்கு டொலர் கொண்டு வந்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். லைனில் நின்று பாருங்கள். ஒரு டீசேட்டில் தோள் மூட்டுவது ஒருவர், கழுத்துப் பட்டி (ரிப்) பிடிப்பது ஒருவர், கை ஏற்றுவது ஒருவர், பக்கம் அடிப்பது ஒருவர், கீழ் மடிப்பு ஒருவர். ஒவ்வொரு வேலைக்கும் நிமிடக் கணக்கு உண்டு, எஸ்எம்வி என்பார்கள். முழு உடுப்புக்கும் 8 நிமிடம் என்று வையுங்கள். 20 பேர், 480 நிமிட வேலை நாள். 9,600 நிமிடத்தை எட்டால் பிரித்தால் 1,200 உடுப்பு. லைன் 60 வீதத் திறனில் ஓடினால் 720 தான் வரும். மிச்சம் 480 எங்கே போனது என்று தேடுவது வேர்க் ஸ்டடிக்காரர் வேலை. கழுத்து ரிப்பில் ஒருவர் திணறினால் அவருக்கு முன்னால் துண்டுகள் குவியும், பின்னால் இருப்பவர் கை சும்மா இருக்கும்.

இந்தக் கணக்குத் தெரிந்த பிறகு படம் வரைகிற கையும் மாறும். பொக்கெட்டுக்கு ஒரு மூடி போடலாமா என்று யோசிக்கும்போதே அது எத்தனை நிமிடம் என்று மனம் கேட்கும். குறுக்காக 45 பாகையில் வெட்டுகிற பாவாடை அழகாக விழும், ஆனால் மார்க்கரில், அதாவது வெட்டுகிற துண்டுகளைத் துணியில் அடுக்குகிற வரைபடத்தில், துணி வீணாகும். உடுப்புச் செலவில் பெரிய பங்கு துணிக்குத்தான் போகிறது, அதனால் மார்க்கரில் ஒரு வீதம் மிச்சம் பிடித்தாலும் மேனேஜர் முகம் மலரும்.

லைனில் எனக்கு மறக்காத ஒன்று ஊசி. மெஷின் ஊசி உடைந்தால் அந்த அக்கா உடனே கையைத் தூக்குவார். சுப்பர்வைசர் வந்து உடைந்த எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டி, ஊசி முழுசாகச் சேர்ந்தால்தான் புது ஊசி கொடுப்பார். ஒரு நுனி காணவில்லை என்றால் அங்கே இருக்கிற உடுப்பெல்லாம் ஒதுக்கப்பட்டு மெட்டல் டிடெக்டருக்குப் போகும். எங்கேயோ ஒரு குழந்தையின் கழுத்தில் அது குத்தக் கூடாது.

எங்கே படிக்கலாம்? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஃபேஷன் டிசைன் பட்டம் இருக்கிறது, அதற்கு உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் (யூஜிசி) கைநூலை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். கணிதப் பிரிவுக்காரருக்கு அங்கேயே துணி, ஆடை பொறியியலும் உண்டு. நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே ஆடைத் தொழில்நுட்பம் படிக்கலாம். இரத்மலானையில் அரசின் துணி, ஆடை நிறுவனம் இருக்கிறது. பற்றன், உற்பத்தி, தர மேற்பார்வை என்று தனித்தனியாகப் படிக்கக் கூடிய இடம், வசதி குறைந்தவர்கள் முதலில் அங்கே விசாரியுங்கள். தனியார் இடங்களில் ஏஓடி போல வெளிநாட்டுப் பட்டம் தருகிற இடங்களும் உண்டு. சொந்த லேபல் தொடங்குகிற எண்ணமும் கையில் காசும் இருந்தால் அது ஒரு வழி.

எங்கே படித்தாலும் சிங்களம் பழகுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், மெயில் ஆங்கிலத்தில் போகும், ஆனால் சாம்பிள் ரூமில் பற்றன் மாஸ்டரோடு சண்டை பிடிப்பது சிங்களத்தில். அவர் மனம் வைக்காவிட்டால் உங்கள் சாம்பிள் வெள்ளிக்கிழமை கூரியருக்குப் போகாது. வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் இதற்குப் பயப்படுகிறார்கள். லைனில் நிற்கிற அக்காமார் நல்ல ஆசிரியர்கள், சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஃபக்டரிகள் வந்திருப்பதால் இரண்டு மொழியும் தெரிந்தவருக்குக் கிராக்கி கூடத்தான் இருக்கிறது.

இந்தத் துறை நாளைக்கு இருக்குமா என்று அப்பாமார் கேட்பார்கள். 2004 கடைசியோடு உடுப்பு ஏற்றுமதிக் கோட்டா முடிந்தபோதும் துறை முடிந்தது என்றார்கள். 2010 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீஎஸ்பி பிளஸ் வரிச் சலுகை போனது, 2017 இல் திரும்பி வந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, ஓகஸ்டில் 20 இல் வந்து நின்றது. அந்த நாலு மாதமும் எங்கள் ஒஃபிஸில் யாருக்கும் தேநீர் இறங்கவில்லை. மலிவாகத் தைப்பதில் நாங்கள் பங்களாதேஷோடு போட்டி போட ஏலாது. உள்ளாடை, விளையாட்டு உடுப்பு போன்ற நுணுக்கமான வேலையில்தான் இங்கே பிடி இருக்கிறது. ஒரு பிராவில் சின்னச் சின்னத் துண்டுகள் எத்தனை என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள். அதைத் தெரிந்து செய்ய ஆட்கள் வேண்டும்.

கடைசியாக, மெஷின் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு. முதல் வருடத்துக்கு அம்மாவின் சிங்கர் போதும். பிறகு வாங்கினால் செக்கன்ட் ஹேண்ட் இன்டஸ்ட்ரியல் மெஷின் பாருங்கள், ஆனால் பழைய கிளட்ச் மோட்டர் வேண்டாம். அது மிதிக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் ஏறும், சத்தமும் கூட. சேர்வோ மோட்டர் போட்டதாகப் பார்த்து எடுங்கள். ஃபிளட்டில் இருக்கிறவர்கள் மேசைக் காலுக்குக் கீழே தடித்த ரப்பர் பாயும் விரியுங்கள். எங்கள் கீழ் வீட்டு அங்கிள் அதற்குப் பிறகுதான் மேலே வருவதை நிறுத்தினார்.